ரெங்கசாமி வீட்டுக் காரில் காளியம்மாள் பரீட்சைக்குப் போனது

“அவ வந்துட்டா வால் ஒட்டணும்டி! வால் எங்க?” என்று சேற்றில் குனிந்தபடியே அதட்டினாள் பொன்னுத்தாய்.

“ஷீ பிளான்ட்ஸ்,” என்று காளியம்மாள் ‘ஸ்’ என்ற வாலை ஒட்டி அவசரமாகத் திருத்திக்கொண்டாள்.

“அப்படிச் சொல்லு. ஐ வந்தா வால் கெடயாது, யூ வந்தா கெடயாது. ஒத்தையா அவனோ அவளோ அதுவோ வந்தா வால் உண்டு. எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இப்ப நீயே முழுங்கிப்புடுற!”

பொன்னுத்தாய்க்குத் தமிழில் தன் பேரை எழுதவே கை நடுங்கும். ஆனால் நடவு வரிசைக்குத் தலைவி அவள். அந்தப் புரட்டாசியில் காளியம்மாளின் இங்கிலீஷுக்கும் அவளே தலைவியாகிப்போனாள். வேறு வழியில்லை. காளியம்மாள் எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியவள், இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை கோட்டடித்தவள். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும். பாடத்திட்டமே மாறப்போகிறது என்றும், பழைய பாடத்தில் எழுதுகிறவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் சொல்லிவிட்டார்கள். இதில் தேறினால் டீச்சர் டிரெயினிங். தேறாவிட்டால் ஆயுசுக்கும் இதே சேறு. நடவு வேலை கேவலம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனாலும் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்க வேண்டும் என்ற ஆசை பத்து வயதில் அவள் மண்டைக்குள் ஏறியது, இருபத்திரண்டிலும் இறங்கவில்லை.

நாற்றுமுடியைப் பிடித்த கையில் புத்தகத்தைப் பிடிக்க முடியுமா? அதனால் அவள் இலக்கணத்தை வரிசைக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். முதல் ஆளுக்கு ‘பிளான்ட்’. அடுத்தவளுக்கு ‘பிளான்டட்’. அதற்கடுத்தவளுக்கு ‘ஹேவ் பிளான்டட்’. கடைசியில் நிற்கிற பொன்னுத்தாய்க்கு ‘வில் பிளான்ட்’. இவள் ஒரு வினைச்சொல்லை எடுத்துவிட்டால் அது வரிசையோடு கைமாறிக்கொண்டே போய் எதிர்காலத்தில் முடியும். எவள் வாயிலாவது சிக்கிக்கொண்டால் அங்கே நடவும் நிற்கும், சிரிப்பு கிளம்பும். வரப்பில் குடை பிடித்து நிற்கிற மிராசுதார் ரெங்கசாமியின் கணக்குப்பிள்ளை, இவர்கள் ஏதோ புதுச் சாமிக்கு மந்திரம் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாள் பயந்துபோய் இருந்தார்.

வாக்கிய அமைப்பு வந்தபோதுதான் பெரிய சண்டை. தமிழில் என்ன செய்தான் என்பது கடைசியில் வரும், இங்கிலீஷில் ஆளுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும் என்றாள் காளியம்மாள்.

“அது என்ன அவ்வளவு அவசரம் அவனுவளுக்கு? முருகன் மாட்டை ஆத்துல... அப்படின்னு இழுத்துட்டுப்போயி குளிப்பாட்டுனான்னு முடிச்சாத்தான கேக்குறவளுக்கு ஒரு இது இருக்கும்?” என்றாள் பொன்னுத்தாய்.

“பரீட்சைப் பேப்பர்ல அப்படி இழுத்தா முட்டைதான் அத்தை.”

கமா என்பது மூச்சு விடுகிற இடம், ஃபுல் ஸ்டாப் என்றால் இடுப்பை நிமிர்த்துகிற இடம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அதிலிருந்து யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் “ஃபுல் ஸ்டாப் வச்சிட்டாடி” என்று கேலிதான். எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்துப்போனது ‘யூ’. ஐயாவுக்கும் யூ, ஆளுக்கும் யூ, மாட்டுக்கும் யூதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆமாம் ஆமாம் என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த வயலே குலுங்கியது.

அது சுவரெல்லாம் உதயசூரியனை அழித்து இரட்டை இலை வரைந்திருந்த வருஷம். ஆட்சி மாறியதே தவிர நடவுக்கூலி மாறவில்லை. பாதி வயல் நட்டு முடிக்கும்போது விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்டது. ரெங்கசாமி முடியாது என்றார். ஆட்கள் நடவை நிறுத்திக் கரையேறினார்கள். வயல் முனையில் செங்கொடி ஏறியது. அவரும் சும்மா இருக்கவில்லை. தெற்கிலிருந்து ஒரு லாரி நிறைய வைக்கோல் வருவதாகச் சொல்லி, வைக்கோலுக்கு அடியில் வெளியூர் நடவாட்களைப் படுக்க வைத்து இறக்கினார். அதற்கப்புறம் அவர் வீட்டு வண்டி எது வந்தாலும் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம்தான்.

சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, காளியம்மாளின் அண்ணன் மருதையன். தஞ்சாவூர்-கும்பகோணம் ரோட்டை மறிப்பது என்று கமிட்டி முடிவெடுத்தது. போலீஸுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தேதியை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள். மருதையன் ரகசியம் காப்பதில் கெட்டிக்காரன். வீட்டில் கூடப்பிறந்த தங்கச்சியிடம்கூட மூச்சு விடவில்லை. தங்கச்சியும் பரீட்சைத் தேதியைச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று தன் பங்குக்கு வாயை மூடிக்கொண்டாள். இரண்டும் ஒரே நாள் என்பது, விடிந்து அவள் குளித்து, பச்சைச் சேலை கட்டி, ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

வாய்க்கால் பாலத்தில் குறுக்கே பனங்கட்டை. அதற்குப் பின்னால் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பஸ் கிடையாது, லாரி கிடையாது. பரீட்சை கும்பகோணத்தில், பத்து மணிக்கு. நடந்து போனால் சாயங்காலம்தான் போய்ச் சேரலாம்.

“அண்ணே! இன்னிக்கிப் பரீட்சைண்ணே!”

மருதையன் முகம் செத்துவிட்டது. “ஏன்டி முன்னாடியே சொல்லல?”

“நீ சொன்னியா?”

அவன் தலையைச் சொறிந்தான். ரோட்டைப் பார்த்தான். அந்தப் பக்கம் பாபநாசம் வரை ஊருக்கு ஊர் மறியல், ஒவ்வொன்றிலும் ஒரு கமிட்டி. பாடையும் பிரசவமும் தவிர எதையும் விடுவதில்லை என்று கொடியைத் தொட்டுச் சொல்லியிருக்கிறார்கள். “ஒனக்காக ஒரு வண்டிய விட்டா நாளைக்கி எவன்டி எம் பேச்சக் கேப்பான்?” என்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கட்டையை நகர்த்தவில்லை.

“இதுக்கா மலைச்சுப்போயி நிக்கிறிய?” என்று பொன்னுத்தாய் எழுந்தாள். “வயித்துல ஒரு தலகாணியக் கட்டி இவள வண்டியில போட்டு அனுப்புவம். பிரசவம்னா விட்டுத்தான ஆவணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். காளியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷம் படித்தது ஒரு பனங்கட்டையில் முட்டிக்கொண்டு நிற்கிறதே என்று நெஞ்சு எரிந்தது. அண்ணன் மேல் கோபப்படவும் முடியவில்லை. கேட்கிற கூலி அவளுக்கும்தானே?

அந்த நேரம் பார்த்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு கறுப்பு அம்பாசிடர் வந்தது. ரெங்கசாமியின் கார். சம்பளத்துக்கு ஓட்டுகிற பாபநாசம் லியாகத் அலிதான் டிரைவர். முன்சீட்டில் ரெங்கசாமி. பின்சீட்டில் அவருடைய மனைவி, அந்த அம்மாளின் மடியில் சாய்ந்து மகள் மங்களாம்பிகை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருப்பவள்.

“விடுங்கப்பா! பொண்ணுக்கு வலி கண்டுருச்சு! நாள் இருக்குன்னாங்க, திடீர்னு...” என்று ரெங்கசாமி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

ஒருவரும் அசையவில்லை. “போன வாரம் வைக்கோலு, இந்த வாரம் தலகாணியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. டவுனுக்குப் போய் போலீஸைக் கூட்டிவரத்தான் இந்த நாடகம் என்றான் ஒருவன். ரெங்கசாமிக்கு மீசை துடித்தது.

காளியம்மாள் கார் ஜன்னல் பக்கம்தான் நின்றாள். மங்களாம்பிகையின் முகத்தை அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம்.

“நெசந்தான்!” என்று கத்தினாள். “அத்தை, ஓடியா, வந்து பாரு!”

பொன்னுத்தாய் ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தபோது முகத்தில் விளையாட்டு இல்லை. “தண்ணிக்கொடம் ஒடைஞ்சிருச்சு. கொழந்த குறுக்கால கெடக்குற மாதிரி இருக்கு, என்னால ஆவாது. கும்பகோணம் பெரியாஸ்பத்திரிதான். கட்டைய எடுங்கடா!”

கட்டை நகர்ந்தது. ஆனால் மருதையன் காருக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றான். “கார் போவட்டும். வழியில எல்லா ஊர்லயும் மறிப்பாங்க, கொடி இல்லாம விடமாட்டாங்க. அதனால நம்ம ஆளு ஒண்ணு கொடியோட கூடப் போவணும். ஆஸ்பத்திரியத் தவிர கார் வேற எங்கயும் போவக் கூடாது, போலீஸ் டேசன் பக்கம் திரும்பக் கூடாது. கார் திரும்பி வர்ற வரைக்கும் ஐயா எங்களோட இங்க இருக்கட்டும்.”

“நான் இறங்கிட்டேன்ப்பா! யாரையாவது ஏத்துங்க, சீக்கிரம்!” என்றார் ரெங்கசாமி.

யார் போவது? மருதையன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். அவன் பார்வை பாலத்துச் சுவரோரம் நின்ற தங்கச்சி மேல் வந்து நின்றது. பொன்னுத்தாய்க்கு அதற்குள் விளங்கிவிட்டது. “பொம்பளைக்குத் தொணையாப் பொம்பளைதான் போவணும். ஏறுடி காளி!” என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். கமிட்டியில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த நடவு வரிசை அவர்களை வாய்க்காலில் இறக்கியிருக்கும்.

அந்தக் காரை அவள் பிறந்ததிலிருந்து தூரத்தில் பார்த்திருக்கிறாள். அது வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நிற்பாள். இப்போது அதன் முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே செங்கொடியை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் பறந்தது.

அடுத்த ஊர் மறியலில் ஆட்கள் தடியோடு ஓடி வந்தார்கள். ரெங்கசாமியின் காரில் செங்கொடியைப் பார்த்ததும் வாயைப் பிளந்து நின்றார்கள். “பிரசவம்! பிரசவம்! தோழர் மருதையன் தங்கச்சி!” என்று காளியம்மாள் கத்தினாள். வழி திறந்தது. அதற்கடுத்த ஊரில் யாரோ உணர்ச்சிவசப்பட்டுக் காருக்கே ஜிந்தாபாத் போட்டார்கள்.

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு அவள் தோளைப் பற்றியது. “ஏதாவது பேசேன்டி... குரல் கேட்டுக்கிட்டு இருந்தாத் தாங்குவேன்,” என்றாள் மங்களாம்பிகை. அவளுடைய அம்மா சாமி பேர்களைச் சொல்லிச் சொல்லி அழுவதைத் தவிர வேறெதுவும் செய்யும் நிலையில் இல்லை.

“எனக்கு இன்னிக்கிப் பரீட்சைம்மா. வாயில இங்கிலீஷத் தவிர ஒண்ணும் நிக்கல.”

“அதையே சொல்லு!”

காளியம்மாள் ஒரு கையில் கொடியும் மறு கையில் மங்களாம்பிகையின் விரல்களுமாகத் திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தாள். கோ, வென்ட், கான். கம், கேம், கம். சீ, சா, சீன். ஒவ்வொரு வலிக்கும் ஒரு வினைச்சொல். மங்களாம்பிகை தஞ்சாவூர் கான்வென்டில் படித்து பி.ஏ. முடித்தவள். வலி விட்ட இடைவெளியில் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே சொன்னாள். பாபநாசம் தாண்டும்போது காளியம்மாளுக்கு ‘ஈட், ஏட்’ வரைக்கும் வந்து அப்புறம் நின்றுவிட்டது.

“ஈட்டன்!” என்று மங்களாம்பிகை கார்க் கூரை அதிர அலறினாள். அது வலிக்கான அலறலா இலக்கணத்துக்கான அலறலா என்று தெரியாமல் லியாகத் அலி ஆக்சிலேட்டரை மிதித்தார்.

“கேள்வி கேக்குறேன்... எஸ்ஸே எழுதும்போது... எப்படி எழுதுவே?” என்று மங்களாம்பிகையே தொடர்ந்தாள்.

“சின்னச் சின்ன வாக்கியமா எழுதுவேம்மா. ஒரு சேதி, ஒரு ஃபுல் ஸ்டாப்.”

“அதான்... அப்படியே எழுது... நீட்டாத...” என்றவளை அடுத்த வலி பிடித்துக்கொண்டது. காளியம்மாளின் விரல்கள் நசுங்கின. எழுதுகிற கை அது. விடுவிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மங்களாம்பிகையை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோனபோது சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது. பரீட்சைக்கு அரை மணி வரை தாமதம் பொறுப்பார்கள், அதற்குமேல் கேட் மூடிவிடும். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். காளியம்மாள் இரண்டடி வைத்தாள், நின்றாள். காரைப் பார்த்தாள். கார் வேறெங்கும் போகக் கூடாது. கூடவே இருக்க வேண்டும். ஊரே நம்பி அனுப்பியிருக்கிறது. அவள் பரீட்சைக்கு ஓடிய நேரத்தில் இந்தக் கார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால்? அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பாள்?

அவள் காருக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

லியாகத் அலி அவள் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “ஏம்மா நிக்கிறே? ஓடு!”

“கார விட்டுப் போவக் கூடாது பாய். அண்ணன் சொல்லியிருக்கு.”

அவர் காருக்குள் கையை விட்டுச் சாவியை உருவினார். அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். “சாவி ஒங்கிட்ட இருக்கு. அப்புறம் கார் எங்கம்மா போவும்? எம் மவ ஆசியாவும் இங்கிலீஷுலதான் கோட்டு. அவளும் அங்கதான் ஒக்காந்திருக்கா. ஓடு, ஓடு!”

ஓடினாள் பாருங்கள், கும்பகோணம் தெரு அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்திருக்காது. ஒரு கையில் கார்ச் சாவியும் ஹால் டிக்கெட்டும் பேனாவும், மறு கையில் செங்கொடி. கொடியைக் காரில் போட்டுவிட்டு வரவேண்டும் என்று தோன்றவே இல்லை. விளைவு? பள்ளிக்கூட வாட்ச்மேன் தூரத்தில் அவளைக் கண்டதும் மறியல் இங்கேயும் வந்துவிட்டது என்று நடுங்கிப்போய் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

“அண்ணே தொறங்க! நான் பரீட்சை எழுத வந்திருக்கேன்!”

“பரீட்சைய நிறுத்த வந்திருக்கேன்னு சொல்லு! சார், சார், கொடி புடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க சார்!”

கண்ணாடி போட்ட ஹால் சூப்பரின்டெண்டென்ட் வராந்தாவில் தலையை நீட்டினார். அவரும் கொடியைத்தான் பார்த்தார். போலீஸுக்குப் போன் போடச் சொல்லி உள்ளே திரும்பினார். காளியம்மாள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தமிழில் கத்தவில்லை.

“சார்! ஐ ஹேவ் கம் டு ரைட் த எக்ஸாம்! ஐ ஹேவ் மை ஹால் டிக்கெட்! ப்ளீஸ் ஓபன் த கேட்!”

மூன்று வாக்கியம். பாடமாக ஒப்பிக்காமல் அவள் வாழ்க்கையில் வேறொரு மனுஷனிடம் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். சூப்பரின்டெண்டென்ட் நின்றார், திரும்பினார், கடிகாரத்தைப் பார்த்தார். கேட் திறந்தது. கொடியை வாட்ச்மேனிடம் கொடுத்து, “சுருட்டி வைங்க, கீழ போட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

சாவியை மேஜை ஓரத்தில் வைத்துக்கொண்டு அவள் பேப்பரைத் திறந்தாள். நசுங்கிய விரல் விண்விண்ணென்று வலித்தது. கேள்விகளைப் படிக்கப் படிக்க அவள் தலைக்குள் நடவு வரிசை குனிந்து நின்றது. கோடிட்ட இடம் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி அங்கிருந்து பதிலை எடுத்துக் கொடுத்தாள். ‘வில்’ வருகிற இடத்தில் பொன்னுத்தாயின் கரகரப்பான குரல். எஸ்ஸேயில் ஒரு சேதி, ஒரு ஃபுல் ஸ்டாப். நீட்டவில்லை.

எழுதி முடித்து, கொடியை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். லியாகத் அலி வாசலிலேயே பல்லெல்லாம் தெரிய நின்றார். “ஆபரேசன் பண்ணி எடுத்தாங்கம்மா. பொண்ணு! ரெண்டும் நல்லாருக்கு!” காளியம்மாள் நடுத்தெருவில் நின்று குலவை போட்டுவிட்டாள். அங்கே சோடா குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வாய்க்கால் பாலத்துக்குக் கார் திரும்பியபோது மூன்று மணி வெயில். லியாகத் அலி காரை நிறுத்தி, சாவியை உருவி மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார். ரெங்கசாமி பனங்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது, அவர் தொடவில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. சேரியாட்கள் கொடுக்கிற எதையும் கைநீட்டி வாங்கமாட்டார்கள். கதிர் அரிவாளோ, மாட்டுக் கயிறோ, ஆள் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அப்புறம்தான் எடுப்பார்கள். காளியம்மாளின் அப்பா அப்படித்தான் வைத்தார். மருதையனும் சங்கத்துக்கு முன்னால் அப்படித்தான் வைத்தான்.

“பொம்பளப் புள்ளை பொறந்திருக்குங்க! அம்மாவும் புள்ளையும் நல்லாருக்காங்க!” என்று இறங்கும்போதே காளியம்மாள் கூவினாள்.

ரெங்கசாமி எழுந்தார். உதடு கோணியது. “இவ்வளவு நேரமா... இவ்வளவு நேரமா ஒரு சேதி இல்லையே,” என்று திணறினார்.

“சாவி என்கிட்ட இருந்திச்சுங்க. நான் பரீட்சை எழுதிக்கிட்டிருந்தேன்.”

மருதையன் ஒரு அடி முன்னால் வந்தான். காளியம்மாள் உள்ளங்கையில் சாவியை வைத்து அவருக்கு நேராக நீட்டினாள். தரையில் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை. மருதையனுக்கும் பொன்னுத்தாய்க்கும் ஞாபகம் வந்தது.

பேத்தியைப் பார்க்கிற அவசரத்தில் ரெங்கசாமி அந்தக் கையிலிருந்தே சாவியை எடுத்தார். அவர் விரல் அவள் உள்ளங்கையில் பட்டது. எடுத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு கணம் அந்தச் சாவியையும், தன் கையையும், சுற்றி நிற்கிற முகங்களையும் பார்த்தார். பிறகு சாவியை லியாகத் அலியிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

“கூலி விசயமா நாளைக்கி வீட்டுக்கு வா மருதையா. பேசுவம்,” என்றார். அப்புறம் ஜன்னல் வழியாக, யாரையும் பார்க்காமல், “அந்தப் பொண்ணு பாஸாயிருமா?” என்று கேட்டார்.

“ஆயிடுவேங்க,” என்றாள் காளியம்மாள்.

கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. நடவு வரிசை மொத்தமும் அவளைச் சூழ்ந்துகொண்டு, என்ன கேட்டான், என்ன எழுதினே என்று பிய்த்தெடுத்தது. மருதையன் மட்டும் தங்கச்சியின் கையைப் பிடித்து, அந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.